அண்ணியின் கடப்பிதழில் ஒரு வரி

கடந்த தீபாவளி விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். நெகிரி செம்பிலான், பகாவ் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி தன் கடப்பிதழை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். உங்க அண்ணனைக் கேட்டா, ஒண்ணுமில்ல, வெறும் சாப்பாதான்னு சொல்றாரு."

படித்துப் பார்த்தேன். தேதிகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. எந்த வகை வேலையும் செய்யக் கண்டிப்பாகத் தடை என்பது அதன் பொருள்.

அண்ணி திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்துப் பெண். கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்து, அங்கே ஒரு தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவர். எங்கள் வீட்டுக்கு வாழ வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாலையில் லயத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அவரிடம் கணக்கு கேட்க வருவார்கள். பிள்ளைகள் தேறி வருவதைப் பார்த்த பெற்றோர், மாதம் ஆளுக்கு 30 ரிங்கிட் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை வாங்கலாமா கூடாதா என்பதுதான் அண்ணியின் உண்மையான கேள்வி.

"இப்போதைக்கு வாங்காதீங்க அண்ணி" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கடப்பிதழை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்தோம், நாள் பார்த்தோம், மண்டபம் பார்த்தோம். இந்த நாட்டில் அவர் எந்த நிபந்தனையில் வாழப்போகிறார் என்பதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. மலாயும் ஆங்கிலமும் படித்த நானும் பார்க்கவில்லை.

விசா வேறு, பாஸ் வேறு

நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக நினைக்கிறோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்கு வந்து 30 நாள் வரை தங்க முடிகிறது. இது சுற்றிப் பார்க்க வருபவருக்கான சலுகை. "டிக்கெட் எடுத்து அழைத்து வந்துவிடலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலேசியரை மணந்த வெளிநாட்டவர் இங்கே குடும்பம் நடத்த, குடிநுழைவுத் துறையிடம் நீண்டகால சமூக வருகை பாஸ் பெற வேண்டும். கணவரோ மனைவியோ பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். இவரையே ஸ்பான்சர் என்கிறார்கள். பாஸ் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தரப்படும். அண்ணிக்கு முதலில் ஓராண்டுதான் கிடைத்தது. ஐந்து ஆண்டு வரை தரும் நடைமுறையும் உண்டு. பாஸ் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும்.

வேலைத் தடைக்கும் ஒரு வாசல் இருக்கிறது. மலேசியரின் கணவரோ மனைவியோ என்றால், வேலை தரும் நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பித்து, வேலை செய்யும் அனுமதியைப் பாஸிலேயே பதிந்து வாங்கலாம். அந்த அனுமதி கையில் வந்த பிறகுதான் வேலைக்குப் போக வேண்டும். இந்த வாசல் இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் இருக்கும் பட்டதாரிப் பெண்கள் உண்டு. அது தெரியாமல் உணவுக் கடையிலோ துணிக்கடையிலோ வேலைக்குச் சேர்ந்து சிக்கலில் மாட்டுபவர்களும் உண்டு.

தாத்தா சொன்ன கப்பல் கதை

மறுநாள் காலை தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "இது என்ன புதுசா? உங்க கொள்ளுப்பாட்டிக்கும் இதே கதைதான்" என்றார்.

தாத்தா 1953-இல் துறையூர் அருகே பிறந்தவர். கொள்ளுத்தாத்தா அப்போதே இங்கே பால்மரத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். 1958-இல் கொள்ளுப்பாட்டி, ஐந்து வயதுத் தாத்தாவோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார்.

"இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா, நான் அங்கேயே மாடு மேய்ச்சிருப்பேன்" என்று தாத்தா சிரிப்பார். அது வெறும் வேடிக்கைப் பேச்சு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. 1959-இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கும், ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் வாசல் மூடப்பட்டது. கணவன் இங்கே, மனைவி ஊரில் என்று இருந்த குடும்பங்கள் பல அப்படியே நின்றுபோயின. பக்கத்து லயத்தில் ஒருவர் கடைசிவரை தன் மனைவிக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டே இருந்து இறந்துபோனார் என்று தாத்தா சொன்னார்.

கதை அதோடு முடியவில்லை. கொள்ளுத்தாத்தா சுதந்திரத்துக்குப் பிறகு விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கிவிட்டார். கொள்ளுப்பாட்டிக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. அவரிடம் இருந்தது நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968-இல் ஒரு சட்டம் வந்தது. 1969-இல் அது தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தபோது, பெர்மிட் கிடைக்காமலும் பயந்துபோயும் தமிழகம் திரும்பியவர்கள் சுமார் 60,000 பேர் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டும் மூன்று லயங்கள் காலியாயினவாம். கொள்ளுப்பாட்டி பெர்மிட் எடுத்துத்தான் பால்வெட்டப் போனார். இறக்கும்வரை அவர் அட்டை சிவப்புதான்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டிலும் படித்தவர் யாரும் இல்லை. இன்று அண்ணி ஒரு பட்டதாரி. நானும் பல்கலைக்கழகம் போகிறேன். ஆனாலும் அதே பாரம் முன்னால் அதே தடுமாற்றம். இதை எண்ணித்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் லீவின் விலை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாங்கள் இருக்கும் வீடு எங்களுடையது இல்லை, தோட்டத்துடையது. அண்ணனுக்கு வேலை இருக்கும்வரைதான் வீடு. அண்ணிக்கு இன்னும் ஒரு முடிச்சு கூடுதல். அண்ணன் கையெழுத்து இருக்கும்வரைதான் பாஸ்.

அண்ணன் நல்லவர். ஆனாலும் போன முறை புதுப்பிக்கப் போனபோது நாங்கள் தடுமாறிவிட்டோம். குலை வெட்டு மும்முரமாக இருந்த மாதம் அது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று அண்ணன் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் பாஸ் முடிய நான்கு நாள் இருக்கும்போது இருவரும் விடியற்காலையில் புறப்பட்டுப் போனார்கள். அங்கே போன பிறகுதான், அண்ணியின் இந்தியக் கடப்பிதழும் சில மாதங்களில் முடியப்போகிறது என்பது தெரிந்தது. கடப்பிதழ் முடிகிற தேதியைத் தாண்டிப் பாஸ் கொடுக்க மாட்டார்கள். அதனால் குறுகிய காலத்துக்குத்தான் கிடைத்தது. பிறகு கோலாலம்பூர் போய்க் கடப்பிதழைப் புதுப்பித்து, மறுபடியும் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்து நான்கு நாள் சம்பளம் போனது. தவறு எங்களுடையதுதான். யாரும் தேதியைப் பார்க்கவில்லை.

பாஸ் முடிந்தும் தங்குவது சிறு விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி அதற்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கணவர் நல்லவராக இல்லாவிட்டால்? "உன் பாஸ் என் கையில்தான் இருக்கு" என்ற ஒரு வாக்கியமே ஒரு பெண்ணை வாய் திறக்காமல் செய்துவிடும். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு, வெளிநாட்டுப் பெண் என்பதால் இல்லாமல் போய்விடாது. காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம். கடப்பிதழ் அவரவர் கையில் இருப்பதே நல்லது.

தாலி மட்டும் போதாது

1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை இந்நாட்டில் பதிவு செய்வது கட்டாயம். வெளிநாட்டில் நடந்த திருமணத்தையும் ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்திலோ, அதற்குள் நாடு திரும்பினால் இங்குள்ள பதிவதிகாரியிடமோ பதிய வேண்டும். தமிழ்நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். எனவே கோயிலில் தாலி கட்டியதோடு விமானம் ஏறிவிடக் கூடாது.

இதில் பெரிய ஆபத்து பிள்ளைகளுக்குத்தான். அப்பா மலேசியர், திருமணம் முறையாகப் பதிவானது, பிள்ளை இங்கே பிறந்தது என்றால் அது பிறப்பிலேயே குடிமகன். திருமணம் பதிவாகவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தாயின் வழியைத்தான் பின்பற்றும். தாய் வெளிநாட்டவர் என்றால் குடியுரிமை கேள்விக்குறியாகிவிடும். பள்ளியில் சேர்ப்பது முதல் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுப்பது வரை எல்லாம் சிக்கல்தான். அடையாள அட்டை இல்லாத இந்தியப் பிள்ளைகளைப் பற்றி இந்த நாளிதழிலேயே எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம். அவற்றில் பல, பதியாமல் விட்ட ஒரு திருமணத்தில்தான் தொடங்குகின்றன.

நீலத்துக்கு நீண்ட வழி

மனைவி நீண்டகாலப் பாஸில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்த பிறகு நிரந்தரவாசத் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் சிவப்பு அட்டை. அதன் பிறகு, கூட்டரசு அரசியலமைப்பின் 15-ஆவது விதியின் கீழ் குடியுரிமை கோரலாம். இந்த விதி மலேசிய ஆணின் மனைவிக்கு மட்டும்தான். மலேசியப் பெண் ஒருவர் தமிழகத்து மாப்பிள்ளையை மணந்தால், மாப்பிள்ளைக்கு இந்த வழி கிடையாது.

2024 அக்டோபரில் மக்களவை ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. குடியுரிமை கோரும் வெளிநாட்டு மனைவிக்குப் போதிய மலாய்மொழி அறிவு இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. குடியுரிமை கிடைத்தால் இந்தியக் கடப்பிதழை ஒப்படைக்க வேண்டும். ஏனென்றால் இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. துறையூரில் வயதான அம்மாவை வைத்திருக்கும் அண்ணிக்கு அது எளிய முடிவு இல்லை. அதை அவர்தான் எடுக்க வேண்டும். நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

நண்பர்களே, நம் வீடுகளில் மலாய் பாரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் பெரும்பாலும் நாம்தான். ஆகவே இந்த வேலை நம்முடையது. நான் செய்துவருவதைச் சொல்கிறேன்.

* திருமணப் பேச்சு தொடங்கும்போதே, பாஸைப் பற்றியும் வேலைத் தடையைப் பற்றியும் பெண் வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மறைத்தால் அது ஏமாற்று.
* திருமணச் சான்று, பிறப்புச் சான்று, கடப்பிதழ் நகல், பாஸ் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். இன்னொரு நகல் அவர் கையிலும் இருக்கட்டும்.
* பாஸ், கடப்பிதழ் இரண்டின் முடிவுத் தேதிகளையும் கைப்பேசியில் மூன்று மாதம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போடுங்கள். அண்ணன்மார் லீவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும்.
* விதிமுறைகள் மாறும். பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பாமல், குடிநுழைவுத் துறையிடம் நேரில் கேளுங்கள். ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.
* வந்த முதல் மாதத்திலிருந்தே மலாய் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். வாரம் மூன்று இரவு கைப்பேசியில் அண்ணிக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். பதிலுக்கு அவர் என் புள்ளியியல் பாடத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர்தான் நல்ல ஆசிரியர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லயத்துப் பிள்ளைகள் இப்போதும் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. பகாவில் ஒரு பாலர் பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடிதம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். கிடைத்தால் வேலை அனுமதிக்குப் போக வேண்டும்.

அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்க வேண்டிய முறை. அண்ணன் லீவு சொல்லிவிட்டார். போன வாரம் அண்ணி பாரத்தைத் தானே நிரப்பி, படம் எடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பினேன். ஏழு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "வேலைக் கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதச் சொன்னாயே, அதற்குப் பக்கத்தில் படிப்பையும் எழுத இடம் இருக்கிறதா பார்."

இருந்தது. எழுதச் சொன்னேன்.