ஸ்டோர் வரை எட்டும் இணையம்

போடிநாயக்கனூரிலும் கேரள எல்லைக்கு அப்பால் புற்றடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் ஏலக்காய் ஏலம் 2007இல் மின்னணு முறைக்கு மாறிய பின், அன்றாட விலையைக் கைபேசியிலேயே பார்ப்பது மலைத்தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. எனினும், தோட்ட வீட்டுக்கு வந்து சேரும் இணையம், பச்சைக்காயை ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வரை உலர்த்தும் ‘ஸ்டோர்’ எனும் கட்டடத்தை எட்டுவதில்லை. கருங்கல் சுவரும், அலையைத் திருப்பியடிக்கும் தகரக் கூரையும், இடையில் மழையில் நனைந்து நிற்கும் இலைகளும் அதனைத் தடுக்கின்றன.

இரவெல்லாம் ஆள் விழித்திருக்கும் அந்த இடத்துக்கு இரண்டாவது ரூட்டர் தேவைப்படுவது இதனால்தான். ஆனால் முதல் ரூட்டரிலிருந்து வரும் கம்பியைப் பலரும் இரண்டாவதன் ‘வேன்’ துளையில், அதாவது வெளி இணைய இணைப்புக்கென விடப்பட்ட துளையில், செருகிவிடுகின்றனர். அவ்வாறு செய்தால் அது தனக்கெனத் தனி வலையமைப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்வதால், ஸ்டோரில் பொருத்திய கேமராவை வீட்டுக் கணினி நேரடியாக எட்ட முடியாது, இரண்டும் 192.168.1 என்ற ஒரே முகவரித் தொடரைப் பயன்படுத்தினாலோ இணைப்பே குழம்பும்.

இரண்டாவது ரூட்டர் வழிகாட்டாமல் அலையை மட்டும் பரப்ப வேண்டும். ‘அக்சஸ் பாயின்ட்’ என்பது இந்நிலையே. அவ்வசதி அமைப்புகளில் இல்லாத பழைய கருவியாயின், அதனை முதலில் ஒரு கணினியுடன் மட்டும் இணைத்து, முதல் ரூட்டர் பிற கருவிகளுக்குப் பங்கிடாத ஒரு முகவரியை அதற்கு அளித்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் ‘டிஹெச்சிபி’ பணியை நிறுத்திய பின், இரு ரூட்டர்களின் ‘லேன்’ துளைகளையும் கம்பியால் இணைத்தல் போதும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்களுள் வெவ்வேறானவற்றைத் தேர்ந்தெடுப்பது நன்று.

கம்பியைப் பற்றித்தான் மலையில் அதிகம் யோசிக்க வேண்டியுள்ளது. செப்புக் கம்பியின் எல்லை 100 மீட்டர் என்பது ஒருபுறமிருக்க, கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் அருகில் இடி விழுந்தால், கட்டடங்களுக்கிடையே ஓடும் அக்கம்பி வழியே மின்னெழுச்சி பாய்ந்து இருபுறக் கருவிகளையும் கருக்கிவிடக்கூடும். உலோகமற்ற ஒளியிழை வடத்துக்கு அந்த அச்சமில்லை. செலவு கூடினாலும் அதுவே தகுந்தது. ஆனால் ஒளியைக் கம்பிச் சமிக்ஞையாக மாற்றும் சிறு பெட்டி இரு முனைகளிலும் வேண்டும் என்பதால், மின்தடையின்போது அவற்றுக்கும் பேட்டரி ஆதரவு தரப்பட வேண்டும். இரண்டாவது ரூட்டரின் அடியில் அச்சிட்ட பழைய முகவரி இனிச் செல்லாதாகையால், புதியதை ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுவது வழக்கம்.