பின்வளவுச் சிற்றுயிர்களை அறிவோம்

நெருப்புப்பெட்டியிற் பொன்வண்டு வளர்த்ததும், வேலியோரத்து மின்மினிகளைப் போத்தலில் அடைத்ததும் எம்மிற் பலருக்கு நினைவிருக்கும். ஊரின் பூச்சி புழுக்களை நாம் புத்தகத்திற் படித்து அறிந்தோமில்லை; அவற்றோடு வளர்ந்தோம். ஆனால், ஜேர்மனிக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், குடியிருக்கும் வீட்டின் பின்வளவில் ஊரும் வண்டின் பெயர் அறியாதவர்களாகவே வாழ்கின்றோம். எம் பிள்ளைகளோ ஊரின் பொன்வண்டையும் அறியார். இங்குள்ள வண்டையும் அறியார்.

மார்க் நாணயம் வழக்கிலிருந்த காலத்தில், 1992இல் வெளிவந்த 500 மார்க் தாளில் ஒரு பெண்மணியின் உருவம் இருந்தது. அவர் 1647இல் பிராங்பேர்ட் நகரிற் பிறந்த மரியா சிபில்லா மேரியன். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகத் தோன்றுகின்றன எனப் பலரும் நம்பிய அக்காலத்தில், 13ஆவது வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து, அவை உருமாறுவதை நேரிற் கண்டு குறித்தார். 1679இல் அவரது புழுக்கள் பற்றிய நூலின் முதற்பாகம் வெளிவந்தது. ஒவ்வொரு புழுவையும் அது உண்ணும் செடியோடு சேர்த்தே அவர் வரைந்தார்.

எம்மவர் பலர் வாழும் நோர்த்றைன் வெஸ்ற்பாலின் மாநிலத்தின் கிறேபெல்ட் நகரில், 1905இல் தொடங்கப்பட்ட பூச்சியியற் சங்கம் ஒன்றுண்டு. அதன் உறுப்பினர் பலர் ஓய்வு நேரத்திற் பூச்சிகளை ஆராயும் ஆர்வலர்களே. 1989 முதல் 2016 வரை 63 இயற்கைக் காப்பிடங்களிற் கூடாரம் போன்ற பொறிகளை அமைத்து, விழுந்த பூச்சிகளை நிறுத்துப் பதிவு செய்தனர். 27 ஆண்டுகளிற் பறக்கும் பூச்சிகளின் நிறை நான்கில் மூன்று பங்குக்கு மேற் குறைந்துவிட்டதென 2017இல் அப்பதிவுகள் காட்டியபோது உலகமே திடுக்குற்றது.

நாமும் பார்க்கத் தொடங்கலாம். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிற் கொழுவும் சிறு உருப்பெருக்கி வில்லையே தொடக்கத்திற்குப் போதும். மிக அண்மையிற் படம் எடுக்கும்போது சில மில்லிமீற்றர் ஆழம் மட்டுமே தெளிவாகத் தெரியும். ஆகவே பூச்சியின் கண்ணைக் குறிவைத்து, மூச்சடக்கி எடுத்தல் வேண்டும். குளிர்ந்த அதிகாலையே உகந்த நேரம். உடல் சூடேறாத பூச்சிகள் அசையாதிருக்கும்.

எமது காஞ்சோண்டி போலச் சுணைக்கும் செடி இங்கும் வேலியோரங்களில் உண்டு. அதைக் களையென்று வெட்டுமுன் இலைகளைப் பாருங்கள். முள் நிறைந்த கரிய மயிர்க்கொட்டிகள் கூட்டமாக இருக்குமாயின், அவை 'பகல் மயிற்கண்' என ஜேர்மனியர் அழைக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாக இருக்கலாம். பிள்ளை அதன் ஜேர்மன் பெயரைக் கூறட்டும். நாம் மயிர்க்கொட்டி என்னும் எமது சொல்லைக் கூறுவோம். இரு பெயர்களும் அப்பிள்ளைக்கு உரியவையாகும்.

ஒன்றை மறத்தலாகாது. காட்டுத் தேனீக்களும் பெருங்குளவிகளும் இந்நாட்டிற் சட்டத்தாற் காக்கப்படுபவை. அவற்றைக் கொல்வோருக்குத் தண்டம் விதிக்கப்படலாம்.

யூன் மாத இறுதி இரவுகளில் இங்கும் காட்டோரங்களில் மின்மினிகள் ஒளிரும். இம்முறை போத்தல் வேண்டாம். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோம்.