ஜப்பானியரின் தேநீரும் பலகாரமும்

தேநீர் என்றவுடன் பாலும் சர்க்கரையும் கலந்த செந்நிறப் பானமே நம்மனோர் உள்ளத்தில் தோன்றும். ஜப்பான் தேசத்தாருக்கோ அது பெரும்பாலும் பசுமை நிறம் வாய்ந்தது. பாலும் சர்க்கரையும் கலவாதது. இனிப்பைக் கிண்ணத்தில் இடாது, பலகாரமாகத் தனியே வைத்து உண்பது அவர் வழக்கம். எனினும், நாம் பருகுவதும் அவர் பருகுவதும் ஒரே இனச் செடியின் இலையேயாம். வேறுபாடு செய்முறையில் உளது. பறித்த இலையை வாடவைத்துக் கசக்கிக் காற்றுப்பட விட்டால், அது கறுத்துச் செந்நீர் தரும். ஜப்பானியரோ பறித்தவுடன் இலையை நீராவியில் வேகவைப்பர். அதனால் அது கறுக்காது பசுமை குன்றாமல் நிற்கும்.

கி. பி. 1191-ம் ஆண்டில் சீனத்தினின்று திரும்பிய எய்சாய் என்னும் பௌத்தத் துறவி தேயிலை விதைகளைக் கொணர்ந்தார். அவர்பால் விதை பெற்ற மியோயே என்பவர் கியோட்டோ நகரை அடுத்த மலைச்சாரலில் அவற்றைப் பயிரிட்டார் என்பர். பிற்காலத்தில் அந்நகருக்குத் தெற்கேயுள்ள ஊஜி என்னும் ஊர் தேயிலைக்குப் பெரும் பெயர் பெற்றது. அவ்வூரார் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. கொழுந்து பறிப்பதற்கு ஏறக்குறைய 20 நாட்களுக்கு முன்னரே, தோட்டத்தின்மேல் நாணற்பாயும் வைக்கோலும் பரப்பி வெயிலை மறைப்பர். வெயில் மிகுந்தால் இலையில் துவர்ப்பு மிகும். நிழலில் வளர்ந்த கொழுந்திலோ துவர்ப்புக் குறைந்து இன்சுவை தங்கும். இங்ஙனம் வளர்த்த இலையை உலர்த்தி, நரம்பு நீக்கிக் கல் இயந்திரத்தில் அரைத்த மாவே 'மாச்சா' எனப்படுவது. ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அரைப்பது சுமார் 40 கிராம் மட்டுமே. 1738-ம் ஆண்டில் நகதானி சோயென் என்னும் உழவர், வெயிலில் வளர்ந்த இலையையும் ஆவியில் வேகவைத்து, உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதுவே இன்று அந்நாட்டார் மிகுதியும் பருகும் 'செஞ்சா'.

விருந்தினர்க்கு மாச்சா அளிக்கும் சடங்கில் பலகாரமே முதலில் வரும். அதனை உண்ட பின்னரே தேநீர் பருகுவர். நாவில் இனிப்பு தங்கியிருக்க, தேநீரின் கசப்பு அளவாகவும் இனிதாகவும் தோன்றும். சிறிய செம்பயற்றை வேகவைத்து அரைத்துச் சர்க்கரையும் கடற்பாசிக் கூழும் சேர்த்துக் கிண்டி, உறைந்தபின் துண்டம் இடுவது 'யோக்கான்'. வசந்தத்தில் சேரிப் பூவைப்போலவும் கூதிர்காலத்தில் சிவந்த மேப்பிள் இலையைப்போலவும் வடிவமைத்த பண்டங்களும் உண்டு.

நிற்க. தேயிலைக்குப் புகழ்பெற்ற ஷிசுவோகா நாட்டின் வரலாறு உருக்கமானது. 1868-ம் ஆண்டில் தோக்குகாவா குடியின் ஆட்சி ஒழிந்தது. அக்குடியின் மெய்காவலராயிருந்த போர்வீரர் பிழைக்க வழியின்றி நின்றனர். அவருள் ஒரு கூட்டத்தார், சூஜோ காகெயாக்கி என்பவர் தலைமையில், 1869-ம் ஆண்டில் மக்கினோஹாரா என்னும் தரிசு மேட்டுநிலத்தை அடைந்து, வாளேந்திய கையில் மண்வெட்டி ஏந்தினர். அருகிலிருந்த ஓயி ஆற்றில் வழிப்போக்கரைத் தோளில் சுமந்து கரையேற்றி வாழ்ந்தோரும், 1870-ல் ஓடம் விடப்பட்டதும் தொழில் இழந்தனர். அவருட் சிலரும் இம்மேட்டிற் குடியேறினர். வீரருட் பலர் நாளடைவில் தளர்ந்து அகன்றனர். உள்ளூர் உழவர் அவர் விட்ட பணியைத் தொடர்ந்தனர். இந்நாட்டினரான சுகியாமா ஹிக்கோசபுரோ 1908-ம் ஆண்டில் தேர்ந்தெடுத்த 'யாபுகித்தா' என்னும் வகையே இன்று ஜப்பானில் மிகுதியாகப் பயிராவது. அவரோ அதன் பெரும்புகழைக் காணாமலே 1941-ல் காலமானார். இங்குள்ள பலகாரம் 'அபெக்காவா மோச்சி': பசையரிசியை இடித்துச் செய்த உருண்டைமேல் வறுத்த சோயா மாவும் சர்க்கரையும் தூவியது.

தெற்கேயுள்ள காகோஷிமா எரிமலைச் சாம்பல் படிந்த பூமி. அங்கே காட்டு வள்ளிக்கிழங்கைத் துருவி, அரிசிமாவும் சர்க்கரையும் கூட்டி ஆவியில் அவிப்பர். 'காருகான்' என்னும் அப்பண்டம் நம் இட்டலிபோல் வெண்மையும் மென்மையும் உடையது. அதற்குரிய சர்க்கரை முற்காலத்தில் அமாமித் தீவுகளினின்று வந்தது. கரும்பு பயிரிட்ட அத்தீவினர் சட்சுமா அரசின் கொடிய கட்டளைக்கு உட்பட்டு உழன்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

காகோஷிமாவின் தோட்டங்கள் பெரும்பாலும் சமவெளியில் உள்ளமையால் இயந்திரம் ஏறி எளிதிற் பறிக்கும். ஷிசுவோகாவிலோ மலைச்சரிவுகள் மிகுதி, உழவர் மூப்படைந்தனர், பின்வருவோர் குறைந்தனர். எனவே 2024-ம் ஆண்டில் தேயிலை விளைவில் காகோஷிமா முதன்முறையாக ஷிசுவோகாவை விஞ்சிற்று. மாச்சாவை உலகம் முழுதும் விரும்பும் இக்காலத்திலேயே, சரிவுநிலத் தோட்டங்கள் பல கைவிடப்பட்டுக் காடாகின்றன. பானத்தின் புகழ் வளர்வதால் மட்டும் அதனை விளைவிப்போர் வாழ்வு வளர்ந்துவிடாது என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு கிண்ணம் தேநீரை அருந்த ஐந்து நிமிஷம் போதும். ஆயினும் அதனுள் நிழலிட்டவன் பொறுமையும், வாளைத் துறந்தவன் துணிவும், கரும்பு வெட்டியவன் கண்ணீரும் கலந்துள்ளன. பலகாரத்தை முதலில் உண்டு, சற்றே தாமதித்துப் பின்பு பருகும் ஜப்பானியர் வழக்கம், இவற்றை நினைத்தற்கும் நமக்குச் சிறிது அவகாசம் அளிப்பதாகும்.