காந்தம் மறையும் புள்ளி: உங்கள் கம்ப்யூட்டரில் ஓர் ஆராய்ச்சி

பாம்பன், ராமேஸ்வரம் கடலோரத்தில் படகுகளில் காந்தத் திசைகாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் முள்ளில் அணுக்கள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதால்தான் அது காந்தமாக இருக்கிறது. இரும்பைச் சுமார் 770 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அணிவகுப்பு குலைந்து காந்தத்தன்மை போய்விடும். இதுவே மாறுநிலை வெப்பநிலை. அதை நெருங்கும்போது காந்தத்தன்மை எப்படிக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்தான் மாறுநிலை அடுக்கு.

இதை ஆராய உதவும் எளிய மாடல் ஐசிங் மாடல். ஒவ்வொரு ஸ்பின்னும் மேல் (+1) அல்லது கீழ் (-1), அவ்வளவுதான். தட்டையான இரு பரிமாண மாடலுக்கு 1944-ல் லார்ஸ் ஆன்சாகர் துல்லியமான விடை கண்டார். முப்பரிமாணத்துக்கு அப்படி ஒரு விடை இன்றுவரை இல்லை. இதில் வியப்பு என்னவென்றால், 374 டிகிரியில் தண்ணீருக்கும் நீராவிக்கும் வேறுபாடு மறைகிறதே, அங்கும் இதே அடுக்குதான் வருகிறது!

எல்லாவற்றையும் எண்ண முடியுமா?

பக்கத்துக்கு 10 வீதம் 1000 ஸ்பின்கள் உள்ள சிறு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிலைகளின் எண்ணிக்கையை எழுத 302 இலக்கங்கள் வேண்டும். எந்தக் கம்ப்யூட்டராலும் இவற்றை எண்ணி முடிக்க முடியாது. எனவே சில நிலைகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சராசரி காண்கிறோம். இதுதான் மான்டி கார்லோ முறை. 1953-ல் வெளியான மெட்ரோபோலிஸ் வழிமுறை இது:

1. ஏதாவது ஒரு ஸ்பின்னைத் தேர்ந்தெடுங்கள்.
2. அதைத் திருப்பினால் அண்டையிலுள்ள 6 ஸ்பின்களோடு சேர்ந்து ஆற்றல் எவ்வளவு மாறும் என்று பாருங்கள். விளிம்பில் உள்ளவற்றுக்கு எதிர்ப்பக்கத்து ஸ்பின்தான் அண்டை.
3. ஆற்றல் கூடாவிட்டால் திருப்புங்கள். கூடினால், கூடும் ஆற்றலை வெப்பநிலையால் வகுத்து, 2.718-ஐ அதன் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்துங்கள். 0 முதல் 1 வரையிலான ஒரு ரேண்டம் எண் இதைவிடச் சிறிதாக இருந்தால் மட்டும் திருப்புங்கள்.

அடுக்கு எப்படிக் கிடைக்கும்?

வெப்பநிலையை 4.5115 என வைத்து, பக்கம் 8, பிறகு பக்கம் 16 என இரண்டு கனசதுரங்களை ஓட்டுங்கள். குறி நீக்கிய சராசரி காந்தத்தன்மையை (ஒரு ஸ்பின்னுக்கு) ஒப்பிட்டால், பெரியதில் அது சிறியதைப்போல ஏறத்தாழ 70 சதவீதம் இருக்கும். 0.70-ன் லாகரிதத்தை 2-ன் லாகரிதத்தால் வகுத்தால் -0.515 வரும். நிபுணர்கள் கண்ட மதிப்பு -0.518. சி மொழியில் எழுதினால் 10 லட்சம் சுற்றுகள் சில நிமிட வேலைதான். ஆனால் பக்கம் இரட்டிப்பானால் வேலை சுமார் 32 மடங்காகும்: ஸ்பின்கள் 8 மடங்கு, காத்திருப்பு 4 மடங்கு!

ரேண்டம் எண்ணை நம்பலாமா?

1992-ல் ஃபெரன்பெர்க், லாண்டாவ், வாங் ஆகியோர் ஓர் அதிர்ச்சியான முடிவை வெளியிட்டார்கள். தரமானவை என்று கருதப்பட்ட ரேண்டம் எண் புரோகிராம்களே, உல்ஃப் 1989-ல் தந்த வேகமான வழிமுறையில் தவறான விடை தந்தன. விடை ஏற்கெனவே தெரிந்த இரு பரிமாண மாடலில் சோதித்ததால்தான் அது வெளிப்பட்டது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் சதுரத்தில், 4 அண்டைகளோடு, வெப்பநிலை 2.269-ல் ஓட்டுங்கள். பக்கம் இரட்டிப்பானால் சுமார் 92 சதவீதம் வரவேண்டும். வந்தால் மட்டுமே முப்பரிமாணத்துக்குப் போங்கள்.

நம் ஊரில்

கல்பாக்கத்தில் பணியாற்றிய கே.பி.என். மூர்த்தி இம்முறை பற்றி எழுதிய ஆங்கில நூல் 2004-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் சென்னை கணித அறிவியல் நிறுவனம், 144 கம்ப்யூட்டர்களை லினக்ஸில் இணைத்து 'கப்ரு' என்ற தொகுப்பை இயக்கியது. அணுவின் உட்துகள்களைக் கட்டங்களில் வைத்துக் கணக்கிட அது பயன்பட்டது. அங்கும் அடிப்படை இதே மான்டி கார்லோதான். பக்கம் 32 உள்ள கனசதுரத்துக்கு 32 கேபி நினைவகம் போதும். எனவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.