பொட்டலமும் நுகர்வோரும்

1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, 1986இல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலாவது, கஞ்சா வாங்குகிற உடலைக் குற்ற உடலாக்கியது. புகைத்ததற்கே 6 மாதம் வரை சிறை. இரண்டாவது, காசு கொடுத்து வாங்கியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை தந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் பாதுகாப்பு கூடுமா என்ற விவாதம், குற்றவாளியை நுகர்வோராக மாற்றுவது பற்றிய விவாதம்தான்.

ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சமயநல்லூரிலோ வேறெங்கோ கைமாறும் பொட்டலத்துக்கு முகவரி கிடையாது. வீரியம் எவ்வளவு, பூச்சிமருந்து இருக்கிறதா, பூஞ்சை பிடித்ததா, விற்கிறவனுக்கே தெரியாது. 'நல்ல சரக்குண்ணே' என்பதுதான் தரச்சான்று. உடம்புக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லவும் பயம். 2019இல் அமெரிக்காவில் பலரின் நுரையீரலைக் கெடுத்தது, கள்ளச்சந்தைக் கஞ்சாக் குப்பிகளில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். 2018இல் சட்டபூர்வமாக்கிய கனடாவிலோ பரிசோதனை கட்டாயம். போதை தரும் டிஎச்சியின் அளவை உறைமேல் அச்சிட்டாக வேண்டும்.

சரி, நம்மிடம் ஒழுங்குமுறை என்றால் என்ன? உத்தரப்பிரதேசத்தில் பாங் கடைக்கு உரிமம் தருவது ஆயத்தீர்வைத் துறை. இங்கே டாஸ்மாக்: 1983இல் மொத்த விற்பனை, 2003இல் சில்லறை விற்பனையும். வரி போடுவதும் அரசு, விற்பதும் அரசு. கண்காணிக்க வேண்டியவரே கல்லாவில் உட்கார்ந்தால் வாங்குகிறவர் யாரிடம் போய்க் கேட்பது?

லேபிள் ஒட்டிய பாட்டிலில் மெத்தனால் பயம் இல்லை என்பது பெரிய விஷயம்தான். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மாநிலத்தில் மதுவிலக்கு இல்லை. அரசே மது விற்றுக்கொண்டிருந்தது. கூலிக்காரரின் கைக்கு எட்டியது மலிவான பாக்கெட். பாதுகாப்புக்கும் விலை உண்டு. அதைக் கொடுக்க முடியாதவர் கள்ளச்சந்தைக்கே திரும்புவார்.

இன்னொன்று: பரிசோதனை கலப்படத்தைக் கண்டுபிடிக்கும், கஞ்சாவைக் கஞ்சா இல்லாமல் ஆக்காது. இளவயதில் தொடர்ந்து புகைப்பவருக்கு மனநோய் வரும் அபாயம் சுத்தமான சரக்கிலும் உண்டு.

ஆகவே 'சட்டபூர்வமாக்கு' என்ற ஒற்றை முழக்கம் எனக்குப் போதவில்லை. முதலில், புகைத்தவரைச் சிறைக்கு அனுப்புவது நிற்க வேண்டும். அதற்குக் கடை திறக்க வேண்டியதில்லை. பிறகு கடை வருமானால், சோதிப்பவரும் விற்பவரும் வெவ்வேறாக இருக்க வேண்டும். விலையைக் கஜானாவின் பசி தீர்மானிக்கக் கூடாது. இவை இல்லாமல் வரும் கஞ்சாக் கடை இன்னொரு டாஸ்மாக்காகத்தான் இருக்கும்.