ஒரே ஒரு தடவைதான்! போர் விமானி ஆக கடும் சோதனை

போர் விமானம் ஓட்ட ஆசைப்படும் வாலிபர்கள் ஏராளம். ஆனால் இந்திய விமானப்படை வைக்கும் ஒரு பரீட்சையில், "இந்த தடவை போனால் என்ன, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். தோற்றால் விமானப்படை விமானி கனவு அதோடு சரி!

யார் போகலாம்?

விமானி ஆக முக்கியமாக 2 வழிகள். பிளஸ்-2வில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றும் படித்தவர்கள் என்.டி.ஏ. பரீட்சை எழுதலாம். பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2 தடவை "ஏப்கேட்" நடக்கிறது. இதற்கு வயது 20 முதல் 24க்குள். பட்டப்படிப்பில் 60 சதவீத மார்க், பிளஸ்-2 கணக்கு, பௌதிகத்தில் தலா 50 சதவீதம் வேண்டும். கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது!

பெண்களுக்கும் கதவு திறந்துவிட்டது. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய 3 பேர் போர் விமானப்பிரிவின் முதல் பெண்கள் ஆனார்கள்.

5 நாள் வடிகட்டல்

எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை மைசூர், டேராடூன், வாரணாசி போன்ற ஊர்களில் உள்ள தேர்வு வாரியத்துக்கு அழைக்கிறார்கள். முதல் நாளே ஒரு மங்கலான படத்தை காட்டி கதை எழுதச்சொல்வார்கள். பிறகு எல்லோரும் கூடிப்பேசி ஒரே கதைக்கு வரவேண்டும். இதில் தேறாதவர்கள் அன்றே பெட்டியை கட்ட வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு மனோதத்துவ சோதனை, மைதானத்தில் குழு வேலை, இன்டர்வியூ. 60 வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் 15 வினாடியில் மனதில் பட்டதை எழுத வேண்டும். யோசித்து பொய் சொல்ல நேரம் ஏது?

கம்ப்யூட்டர் விடாது

இதையும் தாண்டியவர்களுக்குத்தான் அந்த ஒரு தடவை பரீட்சை. பெயர் சி.பி.எஸ்.எஸ். கையில் ஜாய்ஸ்டிக், காலுக்கு பெடல். கண், கை, கால் மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டரே மார்க் போடும். படிப்பில் புலியாக இருந்தாலும் இங்கே கை தடுமாறினால் அவுட்!

காலை அளப்பது ஏன்?

கடைசியில் டாக்டர்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள். தொடை 64 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. இது அழகுப்போட்டி அல்ல. கால் குட்டையானால் பெடல் எட்டாது. தொடை நீளமானால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும்போது முழங்கால் அடிபடும். அந்த உதறலை முதுகெலும்பும் தாங்க வேண்டும். அதனால் அதற்கும் எக்ஸ்ரே உண்டு. நிறக்குருடு இருந்தால் விமானி ஆக முடியாது.

கலாமுக்கும் கிடைக்கவில்லை

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் டேராடூனுக்கு போனவர்தான். 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள். அவர் 9வது ஆள்! ஒரே ஒரு இடத்தில் தவறிய அவர் ராக்கெட் பக்கம் போய் ஜனாதிபதியும் ஆனார். 2006 ஜூனில் 74 வயதில், புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்து ஆசையை தீர்த்துக்கொண்டார்.

தரகர் உஷார்!

விண்ணப்பம் போடும் முன்பே ஒரு கண் டாக்டரிடம் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துக்கொள்வது நல்லது. ஒரு டேப்பை வைத்து காலை அளக்க காசு செலவு இல்லை. வருடக்கணக்கில் படித்துவிட்டு கடைசியில் டாக்டர் கைவிரித்தால் யாரை நோவது?

"எனக்கு மேலிடத்தில் ஆள் இருக்கு, லட்சம் கொடுத்தால் முடிச்சிடலாம்" என்று எவனாவது வந்தால் போலீசில் சொல்லுங்கள். ஜாய்ஸ்டிக்கை பிடிக்கப்போவது உங்கள் பையன் கைதான். தரகர் கை அல்ல!