அரக்குத் தட்டில் வந்த பாட்டு

1996-ஆம் ஆண்டு. அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவர் சக்கரதர்ப்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து வந்தோம். அண்ணனுக்கு வயது பதினொன்று, தம்பிக்கு எட்டு. (இதனை எழுதுபவன் தம்பியே. ஆயினும் இக்கதையில் ஒருவனை விட்டு மற்றவன் தனித்துப் பேச இயலாத காரணம் போகப்போக விளங்கும்.) ஊர் அப்போது பீகாரைச் சேர்ந்திருந்தது, ஜார்க்கண்ட் மாநிலம் 2000-இல்தான் பிறந்தது. எங்கள் தந்தையார் ரயில்வே பண்டகசாலையில் ஊழியம் பார்த்து வந்தார். வீட்டில் ஒரு டேப் ரிகார்டர் உண்டு. மார்கழியில் திருப்பாவை, ஞாயிற்றுக்கிழமைகளில் சீர்காழி கோவிந்தராஜன், விருந்தினர் வந்தால் டி.எம். சௌந்தரராஜன். பாட்டு என்றால் அவ்வளவே என்று எண்ணியிருந்தோம்.

எங்கள் வரிசையின் கோடியில், ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். நேரில் அவரை ‘அங்கிள்’ என்போம். எங்களுக்குள் அவர் ‘டிரைவர் தாத்தா’. அவர் வீட்டுக் கூடத்தில், சாவி கொடுத்துச் சுழல விடும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. மின்சாரம் வேண்டாத பெட்டி. ஒரு தட்டு வைப்பதற்கு முன் புதிய எஃகு ஊசி ஒன்றைப் பொருத்துவார். பாட்டு முடிந்ததும் அதனைக் கழற்றித் தகர டப்பியில் போடுவார். அந்தப் பழைய ஊசிகளை எண்ணுவதே முதலில் எங்களுக்கு வேலையாக இருந்தது.

ஞாயிறு மாலை மட்டும் அவர் எடுக்கும் தட்டு ஒன்று உண்டு. 1964-இல் கல்கத்தாவிற்குச் சென்றபோது வாங்கியதாம். அதுதான் பீட்டில்ஸ் என்னும் லிவர்ப்பூல் இளைஞர் நால்வரின் ‘ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’. மறுபுறம் ‘திஸ் பாய்’. அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்து, ‘உன் கையைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்று பொருள் கூறினான். தண்டவாளத்தைக் கடக்கும்போதெல்லாம் ‘கையைப் பிடித்துக்கொண்டு போங்களடா’ என்று அம்மா சொல்லி அனுப்புவார்கள். ஆகவே அது ரயில் பாதையைக் கடப்பது பற்றிய பாட்டு என்றே நெடுநாள் நம்பினோம். கைதட்டலும் கூச்சலும் முரசொலியுமாக இரண்டரை நிமிடத்திற்குள் ஓடி முடிந்துவிடும் அப்பாட்டு, எங்கள் காதுக்கு முதலில் சண்டை போலவே பட்டது. மூன்றாவது ஞாயிறு, ‘எப்போது வைப்பார்’ என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டோம்.

“முரசு அடிப்பவன் நம்ம ரயில்வேக்காரன்” என்று தாத்தா பெருமையோடு சொல்வார். முதியவரின் கற்பனை என்று நினைத்தோம். பின்னாளில் படித்தபோதுதான் அது மெய் என்று தெரிந்தது. ரிங்கோ ஸ்டார் சிறுவயதில் நோயினால் பல மாதங்களை மருத்துவமனையில் கழித்தவர். அங்கேதான் அவருக்கு முரசில் பழக்கம் ஏற்பட்டது. வெளியே வந்தபின் பிரிட்டிஷ் ரயில்வேயில் தபால் கொண்டு செல்லும் பையனாகச் சேர்ந்தார். உடல் தகுதிப் பரிசோதனையில் தேறாமையால் சில வாரங்களில் வேலை போயிற்று. தேறியிருந்தால் உலகம் ஒரு முரசுக்காரரை இழந்திருக்கும். ரயில்வேக்கு ஓர் ஊழியர் மிஞ்சியிருப்பார்.

அந்நால்வரும் சிறுவராய் இருந்தபோது கேட்டு மயங்கியது மற்றொரு ரயில் பாட்டு. லானி டானிகன் என்பவர் பாடிய ‘ராக் ஐலண்ட் லைன்’, 1956-இல் பிரிட்டன் முழுவதும் பரவிற்று. அமெரிக்கக் கறுப்பினச் சிறைக்கைதிகளிடமிருந்து வந்தது அது. சுங்கச் சாவடியில், ‘வண்டியில் இருப்பவை கால்நடைகள்’ என்று பொய் சொல்லிக் கட்டணமின்றித் தப்பும் டிரைவர், அப்பால் போனதும், ‘ஏற்றியிருப்பது இரும்பு’ என்று கூவுவதாக டானிகன் கதை சொல்வார். (சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்கு இப்பாட்டை முழு மனத்தோடு ரசிப்பது சற்றுக் கடினம்.) விலை குறைந்த கிதார், சலவைப் பலகை, தேயிலைப் பெட்டி இவற்றைக் கொண்டே பாடலாம் என்று அப்பாட்டு காட்டியதால், இளைஞர் பலர் தெருத்தெருவாகக் குழு அமைத்தனர். பதினாறு வயது ஜான் லென்னன் அமைத்த குழுவும் அவற்றில் ஒன்று. அதில் 1957-இல் பால் மெக்கார்ட்னி சேர்ந்தார். 1958-இல் ஜார்ஜ் ஹாரிசன் வந்தார்.

இனித் தட்டிற்கு வருவோம். 1962-இல் பீட்டில்ஸின் முதல் தட்டு வெளிவந்தபோது, இங்கிலாந்தில் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டுகளின் காலம் முடிந்துவிட்டது. அவர்களுடைய பாட்டுகள் அங்கே 45 சுற்று வினைல் தட்டுகளாகவே வந்தன. நம் நாட்டிலோ, மின்விளக்கே எட்டாத வீடுகளில் சாவிப் பெட்டிகள் ஏராளமாக இருந்தன. அவற்றில் 78 சுற்றுத் தட்டுதான் பாடும். ஆகவே கல்கத்தாவை அடுத்த தம்தம் ஆலையில், பீட்டில்ஸ் பாட்டுகளையும் பழைய முறைப்படி அரக்குத் தட்டுகளாக அச்சிட்டு விற்றார்கள். இன்று அத்தட்டுகளைச் சேகரிப்போர் உலகமெங்கும் தேடுகின்றனர். அன்று எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வினைல் வளையும், அரக்கு உடையும் என்பதும் தெரியாது.

ஒரு புதன்கிழமை, தாத்தா ஓய்வூதியம் வாங்கச் சென்றிருந்தார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே சென்றோம். தட்டை உறையிலிருந்து எடுத்தோம். அது யார் கையிலிருந்து வழுவியது என்பதை அன்றும் நாங்கள் சொல்லவில்லை, இன்றும் சொல்வதாயில்லை. சிமெண்டுத் தரையில் இரண்டாகப் பிளந்தது. சில்லுகளையும் பொறுக்கி உறைக்குள் இட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

ஞாயிறன்று தாத்தா உறையை எடுத்தார். எங்கள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. வீடு பெருக்க வந்துகொண்டிருந்த பெண்மணியின் மீதுதான் அவருக்கு ஐயம் எழுந்தது. லைனுக்கு அப்பால் வாழ்ந்த ஹோ இனத்தவர். நாங்கள் ‘மௌஸி’ என்று அழைப்போம். மறுநாள் காலை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மௌஸி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எங்கள் வாசலைக் கடந்து போனதை ஜன்னல் வழியே பார்த்தோம்.

மூன்று நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அம்மாவிடம் சொல்லிவிட்டோம். அம்மா அடிக்கவில்லை. இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு தாத்தா வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அவர் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “என்னிடம் சொன்னது போதாது, நடங்கள்” என்று இந்தியில் கூறிவிட்டு, உடைந்த தட்டை எங்களிடமே கொடுத்துத் தூக்கிவரச் செய்தார்.

மௌஸியின் குடிசை முற்றத்தில் நின்று, தெரிந்த இந்தியில் உண்மையைச் சொன்னோம். தாத்தாவும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். மௌஸி எங்களைப் பார்க்கவில்லை. ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடுப்புத் தணலில் இட்டார். அது குமிழியிட்டு இளகிப் புகைந்தது. மூக்கை அருகே கொண்டுபோய், “லாஹ்” என்றார்.

லாஹ் என்பது அரக்கு. அந்த வட்டாரத்துக் காடுகளில் குசும், புரசு, இலந்தை மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சுரப்பது. மக்கள் கிளைகளை வெட்டிச் சுரண்டிக் கழுவி விற்பார்கள். அதனைத் துணிப்பையில் இட்டு, தீயில் காட்டி, முறுக்கிப் பிழிந்து, தகடாக இழுப்பார்கள். அத்தகட்டோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்தினால் இசைத்தட்டு. ஒரு காலத்தில் உலகத்து இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. அதிலும் சோட்டா நாகபுரிக் காடுகளுக்குப் பெரும் பங்கு. ராஞ்சியை அடுத்த நாம்குமில் 1924-இலேயே அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மௌஸியின் வீட்டாரும் அந்தக் கிளைகளைச் சுரண்டியவர்களே. தாத்தா முப்பது ஆண்டு அந்தத் தட்டைக் கேட்டவர். அது எதனால் ஆனது என்பதை அன்றுதான் அறிந்தார்.

மௌஸி வேலைக்குத் திரும்பவில்லை. ஸ்டேஷன் பக்கம் வேறொரு வீட்டில் சேர்ந்துவிட்டார். தெருவில் எங்களைக் கண்டால் தலையசைப்பார். அதற்கு மேல் இல்லை. தாத்தா 1999-இல் மகளோடு வாழ ஆஸ்திரேலியா சென்றார். பெட்டியையும் எஞ்சிய தட்டுகளையும் கல்கத்தா வியாபாரி ஒருவர் வாங்கிச் சென்றார். தம்பி ரயில்வேயில் சேர்ந்த புதிதில், ரொக்கப் பைக்கு அரக்கு முத்திரை வைக்கும் வாசம் எழுந்தபோது, கையிலிருந்த மெழுகுவத்தியை அணைத்துவிட்டு வெளியே போய்ச் சற்று நின்றான்.

சூரத்தில் வேலை பார்க்கும் அண்ணன் சென்ற தீபாவளிக்கு வந்திருந்தான். இருவரும் கைபேசியில் அப்பாட்டைத் தேடிக் கேட்டோம். கரகரப்பில்லை. ஆனால் மிக விரைவாக ஓடியது. குரல்களும் மெலிந்து கேட்டன. தாத்தாவின் பெட்டியில் வில் தளர்ந்து, தட்டு மெதுவாகவே சுழன்றிருக்கிறது போலும். தாழ்ந்த குரலில்தான் அப்பாட்டு எங்களுக்குள் பதிந்திருந்தது.

“இது அந்தப் பாட்டு இல்லையடா” என்றான் அண்ணன்.

அடுக்களையிலிருந்து அம்மா, “மௌஸி வீட்டுக்குப் போனீர்களே, அந்தப் பாட்டா?” என்று கேட்டார்கள்.